பக்க விளைவு: இல்லை

நாராயணி குழம்புச் சட்டியோடு அடுப்படியிலிருந்து வந்தவள், ஹாலின் நடுவே எதையோ சுற்றிக்கொண்டு வந்தாள்.

சங்கரலிங்கம் கை கழுவிவிட்டு அப்போதுதான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் ஆராவமுதன் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு மருந்துக் கம்பெனி ரெப்புகளை உள்ளே விடும்போது ஒன்பதரை ஆகிவிடும். பிறகு பஸ் பிடித்து ராஜபாளையம் வந்து சேர்ந்தால் எப்போதும் இந்த நேரம்தான். அவன் தட்டுக்கும் அடுப்படி நிலைக்கும் நடுவில் நாலடி வெறும் தரை. பாய் இல்லை, பாத்திரம் இல்லை, சிந்திய தண்ணீர்கூட இல்லை. அந்த இடத்துக்கு வந்ததும் அவள் முந்தானையை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, பந்தியில் உட்கார்ந்திருப்பவர் முதுகில் சேலை உரசிவிடக் கூடாது என்பதுபோல் ஒதுங்கி, சுவரோரமாக நடந்து வந்து குழம்பை ஊற்றினாள்.

"ஏன் சுத்தி வார?"

"எங்க?"

"இப்பத்தான். நேரா வராம."

அவள் திரும்பித் தரையைப் பார்த்தாள். "சும்மாத்தான். சாப்பிடுங்க, ஆறிப்போவுது."

ஃபேன் சத்தத்துக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. சத்தம் இல்லை, வாசனை. ப்ளீச்சிங் வாசனை. பேண்டேஜ் துணி வெளுக்கிற ஊர்ப்பக்கம் அது புதிதில்லை. காற்று கிழக்கே இருந்து அடித்தால் தெருவே நாறும். ஆனால் அன்று காற்று மலையிலிருந்து அடித்தது. ஜன்னலில் ஈர மண் வாசனைதான் வந்தது. ப்ளீச்சிங் வாசனை வீட்டுக்குள்ளிருந்து, அந்த நாலடித் தரையிலிருந்து வந்தது.

அந்த வாசனையை அவன் காகிதத்தில் படித்திருந்தான். பதினோரு காகிதத்தில்.

மாத்திரைக்குக் கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாது. அட்டையின் தாள் நீலம் என்பதால் ரெப்புகள் அதை நீலப்பட்டை என்பார்கள். தூக்கத்துக்கான மாத்திரை. பழகிப்போகாது, மறுநாள் தலை கனக்காது, வேறு தொந்தரவு கிடையாது என்று சங்கரலிங்கம் நாற்பது டாக்டர்களிடம் ஒப்பித்திருந்தான். மாத்திரை கடைக்கு வந்த பிறகும் பன்னிரண்டு வாரம் நோயாளிகளைக் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஆளுக்கு ஒரு ஃபாரம். கேட்டு எழுத வேண்டியவர் டாக்டர். டாக்டருக்கு நேரம் ஏது? வெற்று ஃபாரங்களின் அடியில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கம்பெனி கொடுக்கும் கவரை மேஜை டிராயரில் போட்டுக்கொள்வார். மேலே நிரப்புவது ரெப்பின் வேலை.

சங்கரலிங்கம் நிரப்பினான். வீட்டில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு, அடியில் அச்சடித்திருக்கும் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினான். வயதை மனம்போல் போட்டான். தூக்கம்: நன்று. பக்க விளைவு: இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் நாற்பது பேரைத் தூங்க வைத்தான். எல்லா ரெப்பும் அப்படித்தான் செய்வான்.

எட்வின் செய்யவில்லை.

எட்வின் நாலு வருஷத்துக்கு முன்னால் வேலைக்கு வந்தவன், பத்து வயது சின்னவன். பைக்கில் வீடு வீடாகப் போய், நோயாளிகளின் வாசலில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு, கேட்டதை அப்படியே எழுதினான். இந்த மாதிரி விஷயங்கள்தான் சங்கரலிங்கத்தால் தாங்க முடியாதவை. அவன் ஆறு மணிக்கே கிளினிக் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பான், ஒன்பதரைக்குக் கதவைத் திறக்கும் டாக்டர் அவன் தலைக்கு மேலாகப் பார்த்து, "எட்வின் வந்தாச்சா?" என்பார். கம்பவுண்டர் எட்வினுக்கு மட்டும் பால்கோவா எடுத்து வைப்பார். போன வருஷம் ஏதோ சாம்பிள் பெட்டியைக் கொடுக்க எட்வின் வீட்டுக்கு வந்தபோது, நாராயணி கையில் டம்ளரோடு நின்றபடி அவன் சொன்ன எதற்கோ சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. சங்கரலிங்கம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்த்தான். இருபது வருஷத்தில் அவன் அந்தச் சிரிப்பைச் சம்பாதித்ததில்லை.

இப்போது ஏரியா மேனேஜர் நாற்காலி காலியாகப் போகிறது. கௌதம்ராஜ் மேலே போகிறார். அந்த இடத்துக்கு அவன் அல்லது எட்வின்.

ஆறாவது வாரம் இரண்டு பேருடைய ஃபாரங்களையும் சேர்த்துக் கூரியரில் அனுப்ப வேண்டியது சீனியரான சங்கரலிங்கத்தின் பொறுப்பு. அனுப்பும் முன் எட்வினுடைய கட்டைப் பிரித்துப் படித்தான். அடுத்தவன் பேப்பரைப் பார்த்து எழுதுகிறவனின் ஆசை, வேறொன்றும் இல்லை. நாற்பதில் பதினோரு பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பால்கோவா அடுப்பில் நிற்பவர். சோழபுரத்துப் பருத்திக்காட்டுக்காரர். மாரீஸ்வரி என்று பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். ஒருவருக்கு ஒருவர் அறிமுகம் இல்லாதவர்கள்.

வீட்டுக்குள் யாரோ உட்கார்ந்திருக்கிறார். தரையில், முதுகு காட்டி. தலையிலிருந்து இடுப்பு வரை மெல்லிசு வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறார். ப்ளீச்சிங் வாசனை வருகிறது. நன்றாகத் தெரிந்த ஆள் மாதிரி இருக்கிறது, யாரென்றுதான் சொல்ல முடியவில்லை. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் திரும்புகிறார். இப்போது காது தெரிகிறது.

அந்த வாரம் அவன் தூங்கவில்லை. பயத்தினால் இல்லை. இந்தப் பதினோரு ஃபாரமும் மேலே போனால் மாத்திரையை நிறுத்துவார்கள்; நிறுத்தினால், கண்டுபிடித்தவன் எட்வின் என்று ஆகும்; அப்போது சங்கரலிங்கத்தின் கல்யாணப் பத்திரிகைக் கூட்டத்தை யாராவது தேடிப் போவார்கள். பதினோரு புது ஃபாரத்தில் எட்வின் மாதிரியே எழுத்தைச் சாய்த்து எழுதினான். பக்க விளைவு: இல்லை. பக்க விளைவு: இல்லை. கட்டை அனுப்பினான். பழைய பதினொன்றையும் பைக்கு அடியில், அட்டைக்குக் கீழே வைத்தான். கிழித்துப் போட்டிருக்கலாம். ஏனோ கை வரவில்லை.

இப்போது அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து பரணில் பார்த்தான். சாம்பிள் பெட்டியில் நீலப்பட்டை பாதிதான் இருந்தது.

"இதை எடுத்தியா?"

"ஆமா. தலைவலிக்கு, காச்சலுக்கு எல்லாம் இதுல இருந்துதான எடுக்கோம்? நீங்க ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுத்தா எனக்கு எங்க தூக்கம் வருது?"

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும்."

"ஒண்ணுதானே போடுத?"

"ரெண்டு. ஒண்ணு கேக்கல."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். "நாராயணி. இங்க யாராவது உக்காந்திருக்காங்களா?"

அவள் முகத்தில் பயம் இல்லை. அதுதான் அவனை உறுத்தியது. ஒளித்து வைத்த மிட்டாயோடு பிடிபட்ட பிள்ளை மாதிரி அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவிய பாட்டுக்கு உக்காந்திருக்காவ. யாருக்கு என்ன தொந்தரவு?"

"ஆம்பளையா, பொம்பளையா?"

"துணி போத்தியிருக்கு. தெரியல. காது மட்டும் லேசாத் தெரியுது." பார்வை அந்த வெறும் தரைக்குப் போனது. "நல்லாத் தெரிஞ்ச ஆளு மாதிரித்தான் இருக்கு. பாத்துக்கிட்டே இருந்தா மனசு அடங்கிப்போவுது. உங்கள மாதிரி எரிஞ்சு விழுகல, பொரண்டு படுக்கல. எனக்குன்னே வந்து உக்காந்திருக்காப்புல இருக்கு."

அன்றைக்கே அவன் அந்தப் பெட்டியைச் சாக்கடையில் கொட்டியிருக்க வேண்டும். குனிந்தும் விட்டான். கையும் பெட்டிக்குப் போனது. ஆனால் அவள் அந்த வெறும் தரையைப் பார்த்த பார்வையை அவன் பார்த்துவிட்டான். கண்ணின் ஓரம் சுருங்கி, உதடு லேசாகப் பிரிந்து. அந்தப் பார்வை எட்வினுக்கு டம்ளரை நீட்டியபோது இருந்தது.

நல்லாத் தெரிஞ்ச ஆளு.

யார்? காது தெரிகிறதென்றால் இன்னும் கொஞ்சம் நாளில் கன்னம் தெரியும். பிறகு மூக்கு. பிறகு அவளே பெயரைச் சொல்லிவிடுவாள்.

அவன் பெட்டியைத் திரும்பப் பரணில் வைத்தான்.

மறுநாள் ஒரு வெற்று ஃபாரத்தை எடுத்து அவள் பெயரை எழுதினான். நாராயணி, 39. இருபது வருஷ வேலையில் அவன் உண்மையாக நிரப்பிய முதல் ஃபாரம் அதுதான். தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கேட்பான். அவளும் சொல்வாள். முதலில் கூச்சத்தோடு, பிறகு ஆசையோடு. தாடை தெரியுது. கன்னத்துல துணி ஒட்டியிருக்கு, ஈரம் மாதிரி. கன்னம் நல்ல நிறம். இன்னைக்கு மூச்சு விடுத சத்தம் கேட்டுச்சு. அவன் தேதி போட்டு எழுதினான். பொறாமை ஒரு பல்வலி மாதிரி. நாக்கு அந்த இடத்துக்கே போகும். கிளினிக் பெஞ்சில் எட்வின் பக்கத்தில் உட்காரும்போது அவன் தாடையைப் பார்த்தான். கன்னத்தைப் பார்த்தான். நல்ல நிறம்தான்.

"என்ன அண்ணே, அப்படிப் பாக்கீங்க? எதாவது ஒட்டியிருக்கா?"

"ஒண்ணுமில்ல."

வீட்டில் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் மாறின. நாராயணி சாப்பிடும்போது கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாள். டிவி பார்க்கும்போது தோள் அவன் பக்கம் இருந்தது. படுத்தால் சுவர்ப் பக்கம். கூப்பிட்டால் "ம்" என்பாள், தலை திரும்பாது. ஒருநாள் காலையில் அவன் சவரம் செய்துகொண்டே கண்ணாடியில் பார்த்தான். பின்னால் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பின்னல் தெரிந்தது, கழுத்து தெரிந்தது. அவள் முகத்தை நேராகப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை.

அது பயம்தான். ஆனால் அவன் அதற்கு வேறு பெயர் வைத்தான். முகத்தை எனக்குக் காட்டாமல் யாருக்குக் காட்டுகிறாள்?

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்வின் கிளினிக் வாசலிலேயே அவனை மறித்தான். சட்டை கசங்கியிருந்தது. எட்வின் சட்டை கசங்கி அவன் பார்த்ததில்லை. பார்க்கச் சின்ன சந்தோஷமாக இருந்தது.

"அண்ணே, ஒரு எடத்துக்கு வரணும். பக்கத்துலதான். அந்த மாரீஸ்வரி வீடு. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு."

தேரடிக்குப் பின்னால் நாலு தெரு தள்ளி ஒரு காரை வீடு. வாசலில் அவள் புருஷன் ராக்கப்பன் நின்றான். நூல் மில்லில் ராத்திரி ஷிஃப்டுக்காரன். கண் இரண்டும் சிவந்திருந்தது. உள்ளே ஒரே அறை. பல்பு வெளிச்சத்தில் மாரீஸ்வரி சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். பச்சைச் சேலை, இறுக்கிப் பின்னிய சடை. அசைவில்லை. ப்ளீச்சிங் வாசனை கண்ணைக் கரித்தது.

"செவ்வாக்கெழமையில இருந்து இப்படித்தான் சார்," என்றான் ராக்கப்பன், மெதுவாக, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல். "சோறு இல்ல, தண்ணி இல்ல. எந்திரிக்கவே இல்ல."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதுதானப்பா?" என்றான் சங்கரலிங்கம்.

"தூக்கப் போனேன் சார். கைய வச்சேன்." அவன் தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "அது இல்ல சார் விஷயம். நான் காலையில மில்லு விட்டு வாரேன். வாசல் தெளிச்சுக் கெடக்கு. சோறு வடிச்சு வச்சிருக்கு. பிள்ளைக்குத் தலை பின்னிப் பூ வச்சு விட்டிருக்கு. யாரு பின்னுனாங்கன்னு கேட்டா, அம்மாங்குது. இவ இந்த எடத்த விட்டு எந்திரிக்கவே இல்லையே சார்."

பின்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எவர்சில்வர் தட்டு ஒன்றின்மேல் ஒன்று.

"வீட்ல வேற யாரு?" என்றான் சங்கரலிங்கம்.

ராக்கப்பன் அழுதான்.

எட்வின் சுவர் ஓரமாக, தோளைச் சுவரில் தேய்த்துக்கொண்டு உள்ளே போனான். குனிந்து மாரீஸ்வரியின் முன்பக்கத்தைப் பார்த்தான். பார்த்தபடியே இருந்தான். அவன் வாய் திறந்தது. ஏதோ பிரார்த்தனை முணுமுணுத்தான் போல; உதடு மட்டும் அசைந்தது. பிறகு வெளியே வந்து, நடந்து, தெருமுனையில் பைக் சாவியைப் போடத் தெரியாமல் நின்றான்.

"என்ன பாத்த?"

எட்வின் தலையை ஆட்டினான்.

"சொல்லுலே. மூஞ்சில என்ன?"

"மூஞ்சி..." என்றான் எட்வின். வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு சங்கரலிங்கத்தின் கையைப் பிடித்தான். "அண்ணே, நெசமாச் சொல்லுங்க. அந்தப் பதினோரு ஃபாரம், அனுப்புனீங்கள்ல?"

பை சங்கரலிங்கத்தின் தோளில்தான் தொங்கியது. அட்டைக்குக் கீழே பதினோரு காகிதம். அதோடு பன்னிரண்டாவதாக ஒன்று.

"அனுப்புனேன்."

"பொறவு ஏன் நிறுத்தல? நாளைக்குக் கடைக்கு ரெண்டாவது லோடு வருது. எம்புட்டுப் பேரு வாங்குவாங்க? நீங்க ஒரு போன் போடுங்கண்ணே. உங்க பேச்சுன்னா கௌதம்ராஜ் சார் கேப்பாரு."

உங்க பேச்சுன்னா கேப்பாரு. எட்வின் வாயிலிருந்து. நாலு வருஷமாக அவன் காத்திருந்த வாக்கியம். அந்தத் தெருமுனையில், வாந்தி நாற்றத்தில், அது இனித்தது. சரியாக அப்போதுதான் அவன் போன் அடித்தது. கௌதம்ராஜ்.

"சங்கரு, திங்கக்கெழமை மதுரைக்கு வா. லெட்டர் ரெடி. ரெண்டு பேரு ரிப்போர்ட்டும் கிளீன். நீதான் கட்டிக் காத்திருக்கன்னு மேல சொல்லிட்டேன். அங்க ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

எட்வின் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவந்த கண். கூப்பிய கை.

"ஒண்ணும் இல்ல சார்," என்றான் சங்கரலிங்கம்.

எட்வின் கையைக் கீழே போட்டான். கோபம்கூடப் படவில்லை. "நான் நாளைக்கு ராஜினாமா எழுதிட்டு, தெரிஞ்ச கடை கடையாப் போய்ச் சொல்லுதேன்," என்றான். "உங்க வீட்ல சாம்பிள் இருந்தா எறிஞ்சிருங்கண்ணே. அக்கா எடுத்துரப் போறாவ."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜெயித்துவிட்டான். அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். வெளியே இருட்டில் தென்னந்தோப்புகள் பின்னால் போயின. பக்கத்து சீட்டுக்காரர் மல்லிகைப் பூப் பொட்டலத்தை மடியில் வைத்து உறங்கினார். அந்தப் பூ வாசனைக்கு அடியிலும் மூக்கில் ப்ளீச்சிங் ஏறியபடி இருந்தது, சட்டையிலா, கையிலா, எங்கிருந்து என்று தெரியாமல். அக்கா எடுத்துரப் போறாவ. ஏன் அக்காவைச் சொன்னான்? அவளைப் பற்றி அவனுக்கு என்ன? மாரீஸ்வரி நல்ல பெண், பாவம், முதல் வாரத்திலிருந்து சாப்பிட்டவள். பன்னிரண்டு வாரம். நாராயணிக்கு ஆறு வாரம்தான் ஆகிறது. இன்னும் நாள் இருக்கிறது. பாதிதான்.

ரெண்டு. ஒண்ணு கேக்கல.

ஆறு ரெண்டு பன்னிரண்டு.

அவன் பையைத் திறந்து அவளுடைய ஃபாரத்தை எடுத்தான். பஸ் விளக்கில் கடைசி வரியைப் படித்தான். நேற்று அவன் கையால் எழுதியது. 'ரெண்டு கண்ணும் தெரியுது. இன்னும் மூடித்தான் இருக்கு.'

வீட்டுக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நாராயணி, மாத்திரை போடாத. போட்டுட்டியா?"

"சீக்கிரம் வாங்க," என்றது குரல். தெளிவான குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். "உங்களுக்குப் பிடிச்சது பண்ணியிருக்கேன். வாங்க, வாங்க."

இருபது வருஷத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. உடம்பு லேசாயிற்று. ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறாள். அடுத்த நொடி பழைய வலி வந்து உட்கார்ந்தது. அவ்வளவு சந்தோஷத்தில் இருக்கிறாள் என்றால், வீட்டில் யார்?

தெருவில் இறங்கி ஓடினான். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. ஹாலில் விளக்கு எரிந்தது. ப்ளீச்சிங். மூச்சு விட முடியாத ப்ளீச்சிங். அதற்குள் நெய்யில் எதுவோ முறுகும் வாசனை.

நாராயணி தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பார்த்து. பழைய மஞ்சள் நைட்டி. அவிழ்ந்த பின்னல்.

"நாராயணி."

அசைவில்லை.

அடுப்படியில் கரண்டி தோசைக்கல்லில் உரசியது. ஒரு திருப்பு. இன்னொரு திருப்பு. யாரோ மெதுவாக முனகிப் பாடினார்கள்.

"உள்ள யாரு?" என்றான். குரல் கிழிந்தது. "யாரை உள்ள வச்சிருக்க?"

அப்போதும் அதைத்தான் கேட்டான்.

அவள் தோளைத் தொட்டான். தோள் குளிர்ந்திருந்தது. நைட்டித் துணிக்குக் கீழே சதை, நனைந்த பஞ்சு மாதிரி, விரல் அழுத்தின இடத்தில் பள்ளமாகவே நின்றது. உயிர் இருந்தது. முதுகு ஏறி இறங்கியது. எங்கிருந்து மூச்சு விடுகிறாள்?

சுவரோரமாகப் போனான். ஒரு அடி. இன்னொரு அடி. குனிந்தான்.

முடி.

முன்பக்கமும் முடி. நடுவில் வகிடு. இறங்கி வந்து, நெற்றி இருக்க வேண்டிய இடம், மூக்கு, வாய், எல்லாம் தாண்டி, கழுத்தில் சுருண்டு முடியும் பிடரி மயிர். அவன் அந்தப் பக்கம் போனான். பிடரி. இந்தப் பக்கம் வந்தான். பிடரி. அவளைச் சுற்றி எங்கு நின்றாலும் அவளுக்குப் பின்னால்தான் நின்றான்.

கரண்டிச் சத்தம் நின்றது.

அடுப்படி நிலையில் அவள் வந்து நின்றாள். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலை. தோளில் மெல்லிசு வெள்ளைத் துணி, ஈரமாக, வழிந்து விழப்போவதுபோல். நாராயணியின் முகம். அதே நெற்றி, அதே மூக்குத்தி. ஆனால் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு துளை இல்லை. வெளுத்து எடுத்த புதுத்துணி மாதிரி முகம். கண்கள் திறந்திருந்தன. அவனை, அவனை மட்டும் பார்த்தன. கண்ணோரம் சுருங்கியது. உதடு பிரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

அவனுக்காக.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே. உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. ஓடவும் இல்லை. அந்தச் சிரிப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவன் காலுக்குக் கீழே, தரையில், ஒரு கை எழுந்தது. மஞ்சள் நைட்டியின் கை. காற்றைத் துழாவியது. அவன் பேண்டைப் பிடித்தது. பெல்ட். சட்டைப் பொத்தான். ஒவ்வொரு பொத்தானாக மேலே ஏறியது. கழுத்துக்கு வந்தது. தாடை.

விரல்கள் அவன் கன்னத்தில் நின்றன. பிறகு மெதுவாக, வாய் எங்கே, கண் எங்கே என்று தடவித் தேட ஆரம்பித்தன.